கடல் மணலில் மயிலாவின் பெயர்

கடல் மணலில் வாழும் ஓர் உயிரைப் பற்றிப் பேச, கடலே இல்லாத ஒரு சீமைக்குப் புறப்பட்டேன். எங்கே பயணம் என்று கேட்டவர்களிடம் சிநேகிதர் வீட்டுக்கு என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கொண்டுபோன சேதிதான் சிநேகிதர்களிடம் சொல்லக்கூடியதாக இல்லை.

சேலம் ஜங்ஷனில் இறங்கியபோதே வெயில் ஏறிவிட்டிருந்தது. நான் பிறந்தது தரங்கம்பாடி. வேலை பார்ப்பது சென்னையில் ஒரு கல்லூரியில். இரண்டு ஊரிலும் காற்றில் உப்பு இருக்கும், கொடியில் போட்ட துணி எவ்வளவு காய்ந்தாலும் தொட்டால் ஒரு பிசுபிசுப்பு மிஞ்சும். சேலத்தில் முகம் துடைத்த கைக்குட்டை, பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அப்பளமாக உலர்ந்துவிட்டது.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடிக்கொண்டிருந்தன. நாமக்கல் பஸ்ஸின் முதுகில் ஆளுயர உருளை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதற்குள் கரியைக் கொட்டி, ஒருவர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றூதினார். அரைமணி நேரம் இருமிய பிறகு வண்டிக்கு உயிர் வந்தது. அதற்குள் பயணிகள் எல்லோருடைய வேட்டி சேலையும் ஒரே நிறமாகிவிட்டன.

என்னிடம் ஒரு தேக்குப் பெட்டி இருந்தது. கண்டக்டர் அதை மேலே போடச் சொன்னார். மடியில்தான் வரும் என்றேன். பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்த ராசிபுரத்து நெசவாளி பெட்டியை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தையல் மிசினுங்களா?"

"இல்லைங்க."

"ஆர்மோனியமுங்களா?"

"சின்னதைப் பெரிசாக்கிக் காட்டுற கருவிங்க. மணல்ல இருக்கிற பூச்சிகளைப் பாக்கறதுக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நெய்யறதுக்கு நூலே கெடைக்க மாட்டேங்குது. இருக்கற நூலை அது பெரிசாக்கிக் குடுக்குமுங்களா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ராசிபுரம் தாண்டி ஒரு மேட்டில் வண்டி மூச்சு முட்டி நின்றுபோனது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். பெண்கள் புளியமர நிழலில் நின்றோம். ஒரு அம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்து எனக்கும் கம்பங்கூழ் ஊற்றித் தந்தாள், கடித்துக்கொள்ள ஒரு சின்ன வெங்காயம். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவர்களுக்கு மீன் துண்டை இப்படித் தருவார்கள், மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள். கூழ் புளித்து, குளிர்ச்சியாக இருந்தது. "சங்கடப்படாமக் குடிங்க சாமி, இது தண்ணி மாதிரித்தான்," என்றாள்.

அன்று இரவு நாமக்கல்லில், அப்பாவின் பழைய சிநேகிதரான ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டில் தங்கினேன். ஊர் நடுவே உட்கார்ந்திருக்கும் அந்த ஒற்றைப் பாறை பகல் முழுதும் வாங்கிய வெயிலைப் பொழுது சாய்ந்த பிறகு திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பரமத்தி வரை இன்னொரு கரி பஸ். இறங்கியதும் வேப்பமரத்தடியில் ஒரு மாட்டுவண்டி நின்றிருந்தது. தலையில் துண்டு கட்டிய ஒருவர் இறங்கி வந்து பெட்டிக்குக் கை நீட்டினார். குரலைக் கேட்ட பிறகுதான் நாச்சிமுத்து என்று தெரிந்தது.

"வாங்க எஸ்தரம்மா. பொட்டியக் குடுங்க. நானும் அதைத் தூக்கினவன்தான்."

நாச்சிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் காவிரிக்கரை விவசாயக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர். விலங்கியல் படித்து, எங்கள் கல்லூரியிலேயே வேலைக்குச் சேர்ந்தார். நாங்கள் இருவரும் எட்டு ஒன்பது ஆண்டுகள் ஒரே மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்தோம். அலை வந்து தொட்டுப்போகும் ஈர மணலில் ஒரு கைப்பிடி அள்ளிவந்து கண்ணாடித் தட்டில் வைத்தால், மணல் துகள்களுக்கு நடுவே நாடா போல் வழுக்கிக்கொண்டு போகும் ஓரணு உயிர்கள் தெரியும். உடம்பெங்கும் மயிரிழைகள், வரிசை வரிசையாக. அவற்றைத் துடுப்புப் போல் வீசித்தான் நகரும். சிலியேட்டுகள் என்று பெயர். அவற்றைப் பார்ப்பது, படம் வரைவது, இழை வரிசைகளை எண்ணுவது, இன்னின்னது இன்ன இனம் என்று பிரிப்பது, பெயர் இல்லாததற்குப் பெயர் வைப்பது: இதுதான் எங்கள் வேலை. சோறு போடாத வேலை என்று என் அண்ணன் சொல்வார். எங்களுக்கு அதைவிட ருசியான ஒன்று தெரியாது.

அவருக்கு ஒரு பெண். மயிலாத்தாள், மயிலா என்று கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு கடற்கரைக்கு வந்து, தகர டப்பாவில் மணல் அள்ளித் தருவாள். அவள் அள்ளிய டப்பா ஒன்றிலிருந்துதான் எங்களுக்கு அந்தச் சிறிய சிலியேட் கிடைத்தது. ஏற்கெனவே நாங்கள் விவரித்திருந்த பெரியதொரு இனத்தின் சாயல், ஆனால் அளவில் பாதி, இழை வரிசைகளும் குறைவு. புதிய இனம் என்று இருவரும் முடிவு கட்டினோம். கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது மயிலாவுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. ஏழு வயது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனதற்கும் திரும்பக் கொண்டுவந்ததற்கும் இடையில் அதிக நேரம் இல்லை. கட்டுரை அச்சானபோது அந்தச் சிறிய உயிருக்கு அவள் பெயர் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் மனைவி பாவாயியால் கடல் சத்தம் கேட்கும் இடத்தில் இருக்க முடியவில்லை. நாச்சிமுத்து வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார்.

வண்டி வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே போனது. இரண்டு பக்கமும் அகத்தி மரங்களில் கொடி ஏறி, பாதையே பச்சை இருட்டாக இருந்தது. அவர் மாடுகளைப் பற்றிப் பேசினார், வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பற்றிப் பேசினார், சர்க்கரை கிடைக்காததைப் பற்றிப் பேசினார். கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைப் பார்த்தேன். ஒற்றை முடியை ஊசியாக்கி ஓர் உயிரைத் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிய விரல்கள். இப்போது நகக்கண்ணெல்லாம் மண் ஏறி, தடித்துப்போயிருந்தன.

வீட்டில் பாவாயி எனக்காக அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறு ஆக்கியிருந்தாள். அரிசிக்கு அல்லாடும் காலத்தில் அது பெரிய விருந்து. நடுவில் குழி செய்து நெய் விட்டாள். கடலோரத்துக்காரிக்கு மீனில்லாத சாப்பாடு என்ன சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு போனவள், மூன்றாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து நான் உண்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சரம்மா, எங்க மயிலு நல்லாருக்குதுங்களா?"

நாச்சிமுத்து தலையைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தக் கடல் பூச்சியத்தானுங்க கேக்கறேன். இவருகிட்டக் கேட்டா எனக்கு என்ன தெரியும்ங்கறாரு. நீங்கதான தெனமும் பாக்கறீங்க."

"நல்லா இருக்கும்மா," என்றேன். "நிறைய இருக்கு."

"ஆமாங்களா," என்று முகம் மலர்ந்து இன்னும் கொஞ்சம் நெய் விட்டாள்.

நான் சொன்னது உண்மை. முழு உண்மை என் பெட்டியில் கண்ணாடித் தகடுகளாக இருந்தது. போன வருஷம் முழுக்க நான் அந்தப் பெரிய சிலியேட்டுகளைத் தனித்தனித் தட்டுகளில் வளர்த்துப் பார்த்தேன். பெரியது நடுவில் இறுகி, இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த பின்பாதி பார்வைக்கு அச்சு அசல் மயிலா. அதே அளவு, அதே வரிசைகள். சில நாள் போனால் அது வளர்கிறது, வரிசைகள் கூடுகின்றன, பெரியதாகிவிடுகிறது. மயிலா என்று நாங்கள் பெயரிட்டது தனி இனமே இல்லை. பெரியதன் இளம் பருவம். ஓர் இனத்துக்கு இரண்டு பெயர் இருக்க முடியாது. முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். இரண்டாவது விழும்.

மூன்றாம் நாள் காலையில் நாச்சிமுத்து என்னைக் காவிரிக்கு அழைத்துப் போனார். ஜேடர்பாளையத்து அணைக்குக் கீழே நீர் பிரிந்து, நடுவில் மணல் திட்டுகள் கிடந்தன. எங்கள் பக்கத்தில் இதே காவிரி ஒரு வாய்க்கால் அளவுக்கு மெலிந்து, வெட்கப்படுவதுபோல் கடலில் போய் விழும். இங்கே அது முழு ஆறு. துணி துவைக்கும் பெண்களின் பேச்சு நீரின் மேலாக எட்டியது. "ஒரு வாரமா மழையுமில்ல, மாப்பிள்ளையுமில்ல," என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

நான் குனிந்து ஈர மணலை ஒரு குப்பியில் அள்ளினேன். பழக்கம்.

"நீங்க ஆத்து மணலுக்காக வரலீங்க எஸ்தரம்மா," என்றார் அவர்.

"இல்லைங்க."

"மயிலா சமாச்சாரமுங்களா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, அவரிடம் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. அவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்டார், உட்கருக்களைப் பற்றி. பதில் சொன்னேன். பிறகு திடீரென்று குரல் உயர்ந்தது.

"இதை யாருங்க கேட்டாங்க? இந்த நாட்டுல இந்த மணலைப் பாக்கறது நீங்க ஒருத்தர். வெளிநாட்டுக்காரன் எல்லாம் சண்டையில இருக்கான். நீங்க வாயத் தொறக்காம இருந்தா யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்பறம்?"

அவருக்கே தெரிந்த பதிலை நான் ஏன் சொல்ல வேண்டும்? அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"பேரு வெக்கறப்ப உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா? லத்தீன்ல மயிலாவோடதுன்னு சொல்லணும்னா 'மயிலே'ன்னு முடியணும்னீங்க."

ஞாபகம் இருந்தது. லத்தீனில் அது ஆறாம் வேற்றுமை, இன்னாருடையது என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது விளி. அச்சுப் பிழை திருத்தும்போது அவர் உரக்கப் படிப்பார், நான் மூலத்தோடு ஒத்துப் பார்ப்பேன். அந்தப் பெயர் வரும் ஒவ்வோர் இடத்திலும் அவர் மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக்குப் பக்கம். நான் தாளிலிருந்து தலை நிமிரவே இல்லை.

"பாவாயி இருக்கற வரைக்குமாச்சும் விட்டுருங்க," என்றார். "அவ படிக்காதவ. கோயிலுக்குப் போறதை உட்டுட்டா. சாமி கும்படறதில்ல. கடல்ல நம்ம புள்ள பேருல ஒரு சீவன் இருக்குதுன்னு நான் சொன்னது ஒண்ணத்தான் புடிச்சிட்டிருக்கா. அதையும் எடுத்துப்போட்டு நான் ஊட்டுக்குள்ள எப்பிடிப் போறது?"

விட்டுவிடுகிறேன் என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் தப்பு என்று இன்றுகூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் சொல்வதற்குள் அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அன்று மீதிப் பொழுது முழுவதும் அவர் கொடிக்காலிலேயே இருந்தார். நான் பாவாயியோடு உட்கார்ந்து வெற்றிலையைக் கட்டுக் கட்டாக அடுக்கினேன்.

நான்காம் நாள் விடிந்ததும் அவர் என்னிடம் வந்து நின்றார். "தகடு கொண்டாந்திருக்கீங்கல்ல? பாத்தர்றேன்."

கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் பெட்டியைத் திறந்து கருவியை வைத்தோம். கைகளை மூன்று முறை கழுவிவிட்டு வந்தார். கண்ணாடியைச் சூரிய வெளிச்சத்துக்குத் திருப்பி, குனிந்தார். அந்த முதுகு வளைவை எனக்குத் தெரியும். ஒரு தகட்டில் பெரியது நடுவில் இறுகத் தொடங்கியிருக்கும், அடுத்ததில் இன்னும் இறுகியிருக்கும், அடுத்ததில் இரண்டாகியிருக்கும், பிறகு சின்னது, பிறகு கொஞ்சம் வளர்ந்தது, பிறகு இன்னும் கொஞ்சம். அவர் ஒவ்வொன்றிலும் வரிசைகளை உதடு அசைய எண்ணினார். தடித்த விரல்கள் திருகாணியைப் பழையபடியே மெல்லத் திருப்பின. ஒரு தகட்டில் மட்டும் வெகுநேரம் நின்றார். அவரே முதன்முதலில் கண்டு வரைந்ததைப் போன்ற ஒன்று அதில் இருந்தது.

வெயில் ஜன்னலை விட்டு நகரும் வரை பார்த்தார். நிமிர்ந்தபோது ஒரு கண்ணைச் சுற்றிக் கருவியின் விளிம்பு வட்டமாகப் பதிந்திருந்தது.

"சந்தேகமில்லீங்க," என்றார்.

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நேத்து அள்ளின ஆத்து மணல்ல ஏதாவது புதுசா இருக்கலாம். அதுக்கு மயிலா பேரை வைக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "அதையும் எடுக்க வேண்டி வந்தா? ஒரு புள்ளைய எத்தனை தடவைங்க எடுத்துட்டுப் போறது?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் கட்டப் போய்விட்டார். குப்பியிலிருந்த மணலை நான் வெளியே கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பாவாயி ராகிக் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்து வைத்தாள். போகவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு நாளா ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறீங்க. மயிலுக்கு என்னமோ ஆயிருச்சு. செத்துப்போச்சுங்களா?"

"இல்லம்மா. சாகல."

"அப்ப சொல்லுங்க. அவரு சொல்ல மாட்டாரு. நீங்க பொம்பளை, சொல்லிப்போடுங்க."

சொன்னேன். இனம், பெயர் முந்துவது, பிந்துவது எல்லாவற்றையும் அவளுக்குப் புரியும்படி சொல்ல என்னிடம் வார்த்தைகள் குறைவாகவே இருந்தன. தனிச் சாதி என்று நினைத்தோம், இல்லை. அது வேறொன்றின் இளசு. வளர்ந்தால் அதுவாகவே ஆகிவிடுகிறது. அதனால் இந்தப் பெயர் இனி நிற்காது என்றேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எனக்குக் காட்டுங்க," என்றாள்.

அவள் அதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம். மகள் இருந்தபோது சமையல் வேலை. மகள் போன பிறகு துணிவில்லை. ஸ்டூலில் உட்காரவைத்து, மேற்கு ஜன்னலுக்குக் கருவியை மாற்றினேன். ஒரு கண்ணை மூடத் தெரியவில்லை, உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். முதலில் தன் இமை மயிர்தான் தெரிகிறது என்றாள். பிறகு பேச்சு நின்றது.

"பொடுசா இருக்குதுங்க."

"அதுதாம்மா."

"ஒடம்பெல்லாம் மசுரு சீவி உட்டாப்பல."

"ஆமாம்மா."

"இதோட ஆத்தா எங்கீங்க?"

"இதுல ஆத்தா தனியா இல்லம்மா. ஒண்ணே ரெண்டாப் பிரிஞ்சுக்கும். ரெண்டும் வளரும்."

அவள் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப அதுக்குப் புள்ளையப் பறிகுடுக்கற பாடு இல்லீங்க," என்றாள்.

வரிசையாக மற்றத் தகடுகளை வைத்தேன். கொஞ்சம் வளர்ந்தது, இன்னும் வளர்ந்தது, கடைசியில் முழு நீளத்துக்கு நாடாவாக நெளிந்து கிடந்த பெரியது. ஒவ்வொன்றுக்கும் "இதும் அதுதானுங்களா?" என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றேன். கடைசித் தகட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது கன்னமெல்லாம் நனைந்திருந்தது. கருவியின் மேல் கண்ணாடியும் நனைந்திருந்தது. அவள் முந்தானையால் அதைத்தான் முதலில் துடைத்தாள்.

"பெரிசாவுது," என்றாள். "எம்புள்ள ஏழோட நின்னுபோனா. இது நிக்காமப் பெரிசாவுது."

வாசலில் நிழல் விழுந்தது. நாச்சிமுத்து முழங்கால் வரை சேற்றோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"ஏனுங்க, அந்தப் பேரை எடுத்துருங்க," என்றாள் பாவாயி அவரிடம்.

"பாவாயி..."

"பேரு இருந்து என்ன பண்ணுது? நான் தெனமும் அந்தப் பேரச் சொல்லித்தானுங்க கூப்படறேன். கெணத்துக்குப் போறப்பக் கூப்படறேன், அடுப்புப் பத்த வெக்கறப்பக் கூப்படறேன். வந்தாளா? கடல்ல இருக்கற பூச்சி மேல அதைக் கட்டி வெச்சு, நெசமில்லாததை எதுக்கு நெசம்னு சொல்லோணும்? எம்புள்ள பொய் சொல்ல மாட்டா. அவ பேருல பொய் வேண்டாம்."

களிச்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்துக்கெல்லாம் அவள் அழும் சத்தம் கேட்டது. அடக்கிக்கொண்ட அழுகை இல்லை. வீடு முழுக்கக் கேட்கும்படியான ஒப்பாரி. மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். சென்னையில் உடம்பை எடுத்தபோதுகூட அவள் இப்படி அழவில்லை என்று நாச்சிமுத்து பிற்பாடு சொன்னார். பக்கத்து வயலிலிருந்து இரண்டு பெண்கள் ஓடிவந்து, யார் போய்விட்டார்கள் என்று கேட்டார்கள். அவர் அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு, கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"காயிதம் குடுங்க," என்றார். "நானே எழுதறேன். எம்பேரும் போடுங்க. பேரு வெச்சவன்தான் எடுக்கோணும்."

இங்கிலீஷில் ஒரே வாக்கியம் எழுதினார். மயிலாவின் பெயரில் தாங்கள் முன்பு விவரித்த இனம், வளர்ப்புச் சோதனைகளின்படி முந்தைய இனத்தின் இளம் பருவமே என்பதால், அந்தப் பெயர் இனி வழங்காது என்று. எழுத்து முன்பு போலவே சிறியதாக, நேராக இருந்தது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தார். இந்த முறை உரக்கப் படிக்கவில்லை.

ஐந்தாம் நாள் புறப்பட்டேன். பாவாயியின் கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் விடியற்காலையிலேயே எழுந்து அரிசி இடித்து, வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டிருந்தாள். ஒரு ஓலைப்பெட்டி நிறைய அடுக்கி என் கையில் தந்தாள்.

"வாரேன்னு சொல்லுங்க டீச்சரம்மா. போறேன்னு சொல்லாதீங்க."

"வாரேம்மா."

நாச்சிமுத்து பரமத்தி வரை வண்டி ஓட்டி வந்தார். பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றித் தந்தார். கடைசியில், "அந்தப் பின்பாதி வளர்றப்ப வாய்ப்பக்கம் எப்பிடி உண்டாகுதுன்னு நீங்க வரையல. அதைப் பாருங்க," என்றார். பார்க்கிறேன் என்றேன். திரும்ப வந்து வேலையில் சேரும்படி கேட்க நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு கேட்கவில்லை.

சேலத்தில் ரயில் ஏறியபோது பெண்கள் பெட்டியில் இடமே இல்லை. ஓர் அம்மாள் தன் மூட்டையை நகர்த்தி எனக்கு இடம் செய்து தந்தாள். மொரப்பூரில் இறங்குகிறவள், மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறாளாம். ஓலைப்பெட்டியைத் திறந்து அவளுக்குக் கச்சாயம் கொடுத்தேன். பாதியைக் கடித்துப் பார்த்து, பாகு பதம் நன்றாக வந்திருக்கிறது என்றாள்.

"சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போயிட்டு வாரீங்களா?"

"சிநேகிதர் வீட்டுக்கு."

"நல்ல கை. இத்தனையும் சுட்டுக் குடுத்திருக்காங்களே, அவிங்களுக்குக் கொழந்தை குட்டி இருக்குதுங்களா?"

ரயில் அப்போதுதான் வேகம் எடுத்துக்கொண்டிருந்தது. வெளியே சோளக்காடுகள் பின்னால் ஓடின. வேறு விதமாகப் பதில் சொல்லியிருக்கலாம். வாய் இதைத்தான் சொன்னது.

"ஒரே பொண்ணு."

"என்ன வயசுங்க?"

"ஏழு."

"நல்லாருக்கட்டும் சாமி," என்று சொல்லி, அந்த அம்மாள் மீதிக் கச்சாயத்தை மகளுக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.